தட்டு வைத்து அழைத்த கூட்டம்

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் சங்கம் ஆரம்பமானது என் வீட்டில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

யோசனை என்னுடையதல்ல, அடுத்த வீட்டுப் பெண்ணுடையது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்து கொண்டுவந்து கொட்டும்.

"வேன்ல பேசறதுதான் ஆயா எங்க பேச்சு. அதுலயும் டிரைவர் பாட்டு போட்டுட்றாரு" என்பாள்.

கம்பெனிக்குப் போகிறவள், காலேஜுக்குப் போகிறவள், வீட்டில் இருக்கிறவள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் உட்கார வேண்டும், ஸ்கூட்டர் ஓட்டப் பழக வேண்டும், மனசில் இருப்பதைப் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் அப்பா ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கொடுத்தார். "நான் வந்து பாப்பேன். பொண்ணுங்க வந்திருந்தா நடத்து. இல்லைன்னா இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

என் கூடத்தை நான் கொடுத்தேன். நானும் ஷூ கம்பெனியில் பசை தடவித் தடவிச் சம்பாதித்துக் கட்டிய வீடு. கொடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவள் போனில் குரூப் ஆரம்பித்தாள். எல்லாப் பெண்களும் கட்டைவிரல் படம் போட்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், கட்டைவிரல் நன்றாகவே புரிந்தது. இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மாங்க அனுப்ப மாட்றாங்களாம் ஆயா. இன்னா கூட்டம், எதுக்குக் கூட்டம்னு கேக்கறாங்களாம்."

"வளைகாப்புக்குப் போன்ல கூப்ட்டா நீ போவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் அவங்க மட்டும் எப்படி அனுப்புவாங்க?"

தட்டை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ. குங்குமம் வைக்காத வீடுகளுக்குக் கல்கண்டும் பூவும் மட்டும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். அவள் பின்னால் குதித்துக்கொண்டே வந்தாள்.

"மெதுவா வா. தட்டு எடுத்துனு ஓடக் கூடாது."

"ஆயா, எனக்குக் காலு நிக்க மாட்டேங்குது!"

எனக்கும்தான் நிற்கவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பாய் வீட்டு அம்மா கல்கண்டை எடுத்துக்கொண்டு, "கல்யாணமா? யாருக்கு?" என்றார்.

"கல்யாணம் இல்ல. பொண்ணுங்க கூடறாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடணும்."

தெருக்கோடி வீட்டுக்காரி எதற்கும் ஒரு குறை சொல்லுவாள். அவளே, "தட்டோட வந்துட்டீங்க அத்தை, இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்று முனகினாள். அந்த வார்த்தைக்குத்தானே நான் தட்டு தூக்கினேன்!

சனிக்கிழமை முழுக்க ஏற்பாடு. பாய்கள் இரவல் வாங்கினோம், வெங்காய சமோசாவுக்குச் சொல்லிவைத்தோம். யார் முதலில் பேசுவது என்று அவள் யோசித்தாள். என்னைத்தான் பேசச் சொல்வாள் என்று நினைத்து, சமைக்கும்போது நான் நாலு வார்த்தை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பெண் வந்தாள், அம்மாவோடு. அடுத்தவள் அம்மாவோடும் சித்தியோடும். பாய் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள், அம்மா, மாமியார், ஒரு இனிப்புப் பொட்டலம். தட்டு வைத்து அழைத்தால் வீட்டுப் பெரியவள்தான் முதலில் கிளம்புவாள். எனக்குத் தெரியாத வழக்கமா? என் யோசனையில் தப்பில்லை, கொஞ்சம் ஜாஸ்தியாக வேலை செய்துவிட்டது.

அம்மாக்கள் முன்வரிசையில் சம்மணம் போட்டார்கள். பெண்கள் பின்னால், பெண் பார்க்க வந்த இடம் மாதிரித் தலை குனிந்து. அடுத்த வீட்டுப் பெண் எழுந்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"பேசும்மா, நாங்க கேக்கறோம்" என்றாள் கோடி வீட்டுக்காரி.

அவள் என்னிடம் வந்து காதில், "இவங்க முன்னாடி எவ ஆயா வாயத் தொறப்பா? அப்பா வேற வர்ற நேரம்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

நான் சுற்றிப் பார்த்தேன். மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படி கண்ணில் பட்டது. ஏணி மாதிரி செங்குத்து. எங்கள் தெருவில் எந்த அம்மாவுக்கு முட்டி நன்றாக இருக்கிறது? எல்லாம் கம்பெனியில் நின்றே தேய்ந்தது.

"இங்க இடம் பத்தல. பொண்ணுங்கல்லாம் மேல போங்க!"

சொன்னதுதான் தாமதம், பாய்களைச் சுருட்டிக்கொண்டு தடதடவென்று ஏறினார்கள். கோடி வீட்டுக்காரி பின்னாலேயே போய் இரண்டு படி வைத்தாள். "அய்யோ, என் முட்டி" என்று இறங்கிவிட்டாள்.

"உக்காரு, சமோசா வருது" என்று நான் அடிப்படியில் வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டேன். என்னாலும் ஏற முடியாது. தயார் பண்ணின நாலு வார்த்தை என்னோடேயே தங்கிவிட்டது.

மேலே முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக. பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கீழே அத்தனை பேரும் தலையைத் தூக்கினோம்.

"இன்னா பேசறாங்க?"

"நம்மளப் பத்திதான், வேற இன்னா" என்றார் பாய் வீட்டு மாமியார். கூடமே சிரித்தது.

அந்த நேரத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணின் அப்பா வந்தார். வாசலில் செருப்பு தாண்டி உள்ளே வர வழியில்லை. அவரும் ஷூ கம்பெனிக்காரர்தான். பழக்கத்தில் குனிந்து ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தார்.

"இத்தினி பேரா வந்துக்கறாங்க?"

"பாதி எங்களோடது" என்று போட்டுக் கொடுத்தாள் கோடி வீட்டுக்காரி.

"மீதிப் பாதியப் பாரு" என்றேன் நான்.

பார்த்தார். மேலே மறுபடி சிரித்தார்கள். அதில் தன் பெண்ணின் சிரிப்பை அவர் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாரமும் இங்கதானா பெரீம்மா?"

"அத மேலதான் கேக்கணும். கூட்டம் முடியட்டும். டீ குடி."

டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடினார். படியில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே உட்காரலாம், மேலே ஏற மட்டும் வழியில்லை. நான் நகரவில்லை.