தொண்டை கட்டிய தலைவர்களும் கத்துகிற பெண்களும்

தொண்டையை வைத்துப் பிழைப்பவர்களின் தொண்டையை வைத்துப் பிழைப்பது என் தொழில். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடி அறையில், பதினாலு வருடமாக ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். டீச்சர்கள், பாதிரியார்கள், கால் சென்டர் பிள்ளைகள் வருவார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் கரைவேட்டிகளும் படியேறும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். "கொஞ்சம் மெதுவா பேசும்மா" என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எரிச்சல் மட்டும் வரும். எனக்கும் அதேதான்.

கட்டின தொண்டை

அவர் ஒரு வட்டச் செயலாளர். மைக்கில் கத்திக் கத்தி, உள்ளங்கையில் காய்ப்பு காய்ப்பதுபோலக் குரல்நாணில் காய்த்திருந்தது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். பிறகு, தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ஊதுவது, வயிற்றிலிருந்து மூச்சு எடுப்பது என்று பயிற்சிகள். மனிதர் ஒழுங்காகச் செய்தார். ஒன்றரை மாதத்தில் குரல் கணீரென்று ஆனது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முகம் வாடிப்போய் உட்கார்ந்தவர், பழைய கரகரப்பைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார்: "தொண்டை கட்டியிருந்தாத்தான் மேடம், இவன் ஜனங்களுக்காக உழைச்சவன்னு நம்புறாங்க. இப்ப ஏசி ரூம்லேர்ந்து எறங்கி வந்தவன் மாதிரி இருக்கு."

லெட்டர்

சுமதி பெரும்பாக்கம் பக்கம் ஒரு வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. கணவர்தான் கூட்டி வந்தார். எங்கே வலிக்கிறது என்று நான் சுமதியைக் கேட்டால் கணவர் பதில் சொன்னார். எத்தனை நாளாக என்றேன். அதற்கும் அவரே. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஆறு மாதம் சுமதி பேசக் கூடாது என்று ஒரு லெட்டர் வேண்டும், கூட்டத்தில் காட்ட வேண்டும் என்றார்.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். 'ஆ' என்று மூச்சு தீரும்வரை இழுக்கச் சொன்னேன். கீழே மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சுமதி இழுத்தார். ஒரு குறையும் இல்லாத தொண்டை. 'குரல் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சுமதி கையிலேயே கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தொண்ட பூட்ச்சின்னு அவருதான்கா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. அப்பதான என் எடத்துல நின்னு அவரு பேச முடியும்."

மூன்றாவது வாரம்

பிரபுவுக்கு இருபத்தேழு வயது. பல்லாவரத்தில் மொபைல் கடை. கட்சிக் கூட்டம் என்றால் நாற்காலி போடுவதிலிருந்து கொடி கட்டுவதுவரை எல்லாம் செய்வான். மேடையில் மட்டும் ஏற்ற மாட்டார்கள். காரணம், அவனுக்கு மகரக்கட்டு உடையவே இல்லை. குரல் பதின்மூன்று வயதிலேயே நின்றுவிட்டது. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க மேடம்" என்பார்களாம். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டான்.

எங்கள் தொழிலில் சீக்கிரம் பலன் தெரிகிற சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. மூன்றாவது வாரம் அவனுடைய சொந்தக் குரல் அடியிலிருந்து எழுந்து வந்தது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் இப்போதும் மறுக்க மாட்டேன்.

பிரச்சாரத்தில் அவனுக்கு மேடை கிடைத்தது. வீடியோவை எனக்கு அனுப்பினான். பேச்சில் பாதி, எதிர்க்கட்சிப் பெண் வேட்பாளர் எப்படிக் கீச்சுக் கீச்சென்று பேசுவார் என்று நடித்துக் காட்டியது. அதற்காகத் தன் பழைய குரலைத் திரும்ப எடுத்திருந்தான். பார்த்து முடிப்பதற்குள் போன் வந்தது: "எப்படி இருந்துச்சு மேடம்? அந்த இடத்துக்குத்தான் செம கிளாப்ஸ்."

அளந்து பார்த்தது

அந்த வேட்பாளர் ஸ்டெல்லா. அனகாபுத்தூர்க்காரர், கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜெயித்தும்விட்டார். ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற சந்துகள் அவருடைய வார்டில் இருந்தன. மழைநீர்க் கால்வாய் வேண்டும் என்று ஒவ்வொரு கவுன்சில் கூட்டத்திலும் கேட்டார். கேட்டு முடித்ததும் யாராவது ஒருவர், கத்தாதீங்கம்மா, இது கிளாஸ் ரூம் இல்லை என்பார்.

ஒருநாள் போனில் இரண்டு பதிவுகளோடு என்னிடம் வந்தார். ஒன்றில் அவர் பேசியது. இன்னொன்றில், அடுத்துப் பேசிய ஆண் உறுப்பினர் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசியது. போனை ஒரே இடத்தில் வைத்து எடுத்ததாகச் சொன்னார். கணக்கு டீச்சர் அல்லவா, அளந்து சொல்லச் சொன்னார். அளந்தேன். அந்த உறுப்பினரின் சத்தம்தான் அதிகம். அவரை யாரும் அதட்டவில்லை. மறுநாள் அது 'ஆவேச உரை' என்று வாட்ஸப்பில் சுற்றியது. இந்த ரிசல்ட்டைக் கூட்டத்தில் காட்டலாமே என்றேன். ஸ்டெல்லா தலையாட்டி மறுத்தார்: "காட்டினா, அதுக்கும் கத்துறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க என் குரலை இறக்கிக் குடுங்க, போதும்."

இறக்கின குரல்

செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிற குரலை அழுத்திக் கீழே இறக்கினால் தொண்டை கெடும். ஆனாலும் செய்தேன். கால்வாய் வந்தால் சரி என்று இருவருமே நினைத்தோம். இறக்கின குரலில் பேசினார். ஆம்பளை மாதிரி மிரட்டுறாங்க என்றார்கள். இன்னும் மெதுவாகப் பேசினார். காதில் விழவில்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நடுவில் அவருக்கு நிஜமாகவே தொண்டை வலி வந்தது. அதற்குக் காரணம் நான்.

அந்த ஐப்பசி மழையில் சந்துக்குள் தண்ணீர் வந்தது. ஸ்டெல்லாவின் எதிர்வீட்டில் படுக்கையாகக் கிடந்தவரை நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு இறந்துபோனார். அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்த ஸ்டெல்லா, சொல்லி முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். கூட்டம் அடங்கியது. தலைவர் எழுந்து, இதுதான் தாயுள்ளம் என்றாராம். கால்வாய்த் தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது. மேஜையைத் தட்டியவரும் கை தூக்கியிருக்கிறார்.

மறுவாரம் வந்தவரிடம் சந்தோஷமா டீச்சர் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ரெண்டு வருஷம் மேப்பும் கணக்கும் வச்சுப் பேசினேன், ஒருத்தர் திரும்பிப் பார்க்கல. அழுதேன், குடுத்துட்டாங்க. பக்கத்துத் தெருவுக்கும் கால்வாய் வேணும் மேடம். அதுக்கு அழச் சொல்லித் தருவீங்களா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ தொண்டைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன், திருத்த வேண்டிய காதுகள்தான் இதுவரை ஒன்றுகூட சிகிச்சைக்கு வரவில்லை.