நாலு மூலையிலும் பொட்டு

என் மேசை இழுப்பறையில், திரையில் படம் காட்டும் பழைய கண்ணாடி ஸ்லைடு ஒன்று கிடக்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் குங்குமப் பொட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் புரொஜெக்டர் ஆபரேட்டரின் நினைவு வந்து, தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். வேப்பம் புண்ணாக்கு கலந்த உரம் பற்றி அடையாற்றில் நடந்த மாநாட்டில் பத்து நிமிடம் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால்தான் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் சொல்லிவிட்டார். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் என் மனைவியை உட்கார வைத்து, எழுதிய ஆங்கிலக் கட்டுரையைத் தினமும் ஒப்பித்தேன். "ஏன்னா, நீங்க படிக்கறேள். பேசலையே" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு திரும்பும் வழியில் அவளுக்குச் சாதாரணமாக விளக்கினேன்: உரத்தைப் பயிர் ஒரே மூச்சில் விழுங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்கிறது புண்ணாக்கு. அது அவளுக்கு உடனே புரிந்தது.

ஸ்லைடை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று தெரிய, ஒரு மூலையில் சிவப்பு மையால் புள்ளி வைப்பது அந்நாளைய வழக்கம். நானும் வைத்திருந்தேன். மாநாட்டன்று காலையில், நல்லது நடக்கட்டும் என்று என் மனைவி எல்லா ஸ்லைடுகளின் நாலு மூலையிலும் குங்குமத்தைக் குழைத்து வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது.

அரங்கில் விளக்கு அணைந்தது. முதல் படம் இடவலம் மாறி விழுந்தது. விளைச்சல் ஏறுவதைக் காட்டும் கோடு விறுவிறுவென்று இறங்கியது. இருட்டில் கட்டுரையும் தெரியவில்லை. பின்னாலிருந்து ஆபரேட்டரின் குரல் வந்தது: "இன்னா சார், நாலு மூலைலயும் பொட்டு கீது? நீ பேசிக்கினே இரு, நான் பாத்துக்கறேன்."

வேறு வழியில்லாமல் பேசினேன், வீடு திரும்பும் வழியில் அவளிடம் பேசியதைப்போலவே, எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில். கோடு உண்மையில் ஏறுகிறது, என் பதற்றத்தில்தான் இறங்கிவிட்டது என்றதும் அரங்கம் சிரித்தது. அடுத்தடுத்த படங்கள் நேராக வந்தன. பத்து நிமிடம் ஆனதும் மணி அடிக்க வேண்டிய அமர்வுத் தலைவர் அதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் ஆபரேட்டர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். குங்குமம் துடைத்த அவர் சட்டை முனை சிவந்திருந்தது. "ஒண்ண மட்டும் துடைக்கல சார். வூட்ல கேட்டா காட்டு" என்றார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

போன வாரம் இழுப்பறையைச் சுத்தம் செய்த என் மனைவி, அந்த ஸ்லைடைப் பேத்தியிடம் காட்டி, "நான் வெச்ச பொட்டாலதான் தாத்தா அன்னிக்கு அவ்வளவு நன்னா பேசினார்" என்றாள்.

ஆமாம் என்றேன். யோசித்துப் பார்த்தால், அது பொய்யும் இல்லை.