தடுப்புக் கம்பியும் வளைகாப்புத் தட்டும்

எங்கள் நகர் அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. டிப்பர் லாரிகள் குறுக்கு வழியென்று எங்கள் தெருவுக்குள் புகுந்து புழுதியைக் கிளப்பும். அதைத் தடுக்கக் குடியிருப்போர் சங்கம் தெருமுனையில் இரண்டு தூண்களை நட்டு, குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் போட்டுப் பூட்டியது. பைக்கும் காரும் அதன் அடியில் போய்விடும். லாரி போகாது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

மகளுக்கு வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்து, பிரசவம்வரை அவளை இங்கேயே வைத்துக்கொள்வது என்று பேசி முடித்த பிறகுதான் அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தேன். ஆம்புலன்ஸும் அதன் அடியில் போகாது. எங்கள் வீடு தெருவின் கடைசி. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, வலி வந்தால் நடக்க விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கம்பியின் சாவி ஒன்று எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். நான் கேட்க நினைத்தது அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்போடு சிமெண்ட் மூட்டை தூக்கப் போனவன் நான். சங்கத் தலைவர் ரிட்டையரான அதிகாரி. நேரில் கேட்க வாய் வரவில்லை. நகரின் வாட்ஸ்அப் குரூப்பில் சாவி கேட்டுக் குரல் பதிவு போட்டேன். பலர் கேட்டிருந்தது தெரிந்தது. பதில் இல்லை. மறுநாள் காலையில் தலைவர் ரோஜாப்பூ படம் போட்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். மறுபடி பேசிப் போட்டேன். யாரோ கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார்கள். செயலாளருக்குப் பெரம்பலூரில் வேலை. போனை எடுக்கவே இல்லை. கடைசியில் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே டிவி ஓடியது. யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"கையை வீசிக்கிட்டுப் போனா எவன் தொறப்பான்? வளைகாப்புக்கு அழைக்கணும்ல, தட்டோட போவோம். குங்குமம் கொண்டுவந்தவங்களுக்குக் கதவைத் தொறந்துதான் ஆவணும்" என்றாள்.

போனோம். ஜன்னல் வழியாகத் தட்டைப் பார்த்ததுமே தலைவரின் மனைவி கதவைத் திறந்தார். தலைவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க, வாங்க. பொண்ணு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கா சார். அந்தக் கம்பி சாவிதான்..." என்றேன்.

"அதெல்லாம் கமிட்டி கூடி முடிவு பண்ணணுங்க. ஆளாளுக்குச் சாவி குடுத்தா அப்புறம் லாரிக்காரனும் வந்து கேப்பான்."

"கமிட்டி எப்பங்க கூடும்?" என்றாள் மனைவி.

"கூடும்மா. கூடாமயா போவும்?"

அவர் மனைவி குங்குமம் எடுக்கத் தட்டின் மேல் விரலை நீட்டினார். நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. மங்கலத் தட்டை நீட்டிவிட்டு இழுப்பது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம். என் மனைவிக்கே முகம் வெளுத்துவிட்டது.

"பதில் சொன்ன பிறகு எடுத்துக்குங்கம்மா" என்றேன். தட்டில் பாக்கு உருண்டது.

தலைவர், "என்னய்யா இது, வூட்டு வாசல்ல வந்து மிரட்டுற?" என்றார். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி.

அந்த அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தார். "புள்ளத்தாச்சிக்குக் கேக்குறாங்க. இதுக்கு என்னத்துக்குக் கமிட்டி? நம்மகிட்டதான் ரெண்டு சாவி கெடக்கே."

"நீ சும்மா இரு."

அவர் சும்மா இருக்கவில்லை. உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டுவந்து வெற்றிலை மேல் வைத்தார். பிறகுதான் குங்குமம் எடுத்தார். தலைவர் உள்ளே போய்விட்டார். வளைகாப்புக்கு அந்த அம்மா மட்டும் வந்தார்.

ஒரு முற்பகலில் வலி வந்தது. சைரன் சத்தம் சாலையில் கேட்டதும் ஓடினேன். புழுதி ஏறிய பூட்டு முதலில் திரும்பவில்லை. "அண்ணே, சீக்கிரம்!" என்று டிரைவர் கத்தினார். இரண்டு கையாலும் சாவியைத் திருகினேன். பூட்டு வாய் பிளந்தது. பூட்டுத் திறந்த முனையைத் தோளில் இறக்கி, கம்பியைத் தெருவோரமாகத் திருப்பி, மூட்டை தூக்குவதுபோல மூச்சை அடக்கி நின்றேன். ஆம்புலன்ஸ் என்னை உரசிக்கொண்டு வீட்டை நோக்கிப் போனது.