விக்டோரியா அருவியில் ஓர் எண்ணெய்க் குளியல்

போன வாரம் கூடலூர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் கல்யாண வரவேற்பு. வாசலிலேயே செயற்கை அருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் பாறை, மோட்டார் தண்ணீர், ஊதா விளக்கு. அதற்குப் பக்கத்தில் ரிசார்ட் முதலாளி நான்கைந்து பேரை நிறுத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஃபால்ஸ் போயிருந்தோம்ப்பா. அங்கன ஒரு கொரங்கு நம்ம ஆளு பாஸ்போர்ட்டக் கடிச்சுத் தின்னுருச்சு." எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு, "இந்தா, இவரும் அங்கன இருந்தாருல்ல, கேட்டுப் பாருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொய்க் கவரை மாப்பிள்ளையின் தகப்பனார் கையில் திணித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் பிரியாணியை விட்டுவிட்டு வந்தேன் என்றால், என்னைத் தெரிந்தவர்களுக்கு விஷயத்தின் கனம் புரியும்.

அந்த ஆள் அப்போது எங்களுக்கு மேனேஜர். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஜாம்பியாவில் போர்வெல் போடுகிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். உத்தமபாளையத்தைத் தாண்டி அதிகம் போயிராத எனக்கு அந்த உத்தியோகமே பெரிய பவிசு. காமயகவுண்டன்பட்டி செல்வராசு அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லர். கல்லைக் குடைகிற சத்தத்தை வைத்தே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார், அவ்வளவு பசி அவருக்கு. நல்லெண்ணெயில் மிளகு பொரிகிற வாசம் வந்தால் மற்றவர்களுக்கு வீடு ஞாபகம் வரும். எனக்கு அந்தத் தகரக் கொட்டகைக் கேம்ப்பும் அங்கே சம்மணம் போட்டுப் பழகிக்கொண்டிருந்த செல்வராசு அண்ணனும்தான் ஞாபகம் வருகிறார்கள்.

ஆமாம், பழகிக்கொண்டுதான் இருந்தார். ரிக்கில் நின்று நின்று முட்டி மடங்காமல் போய்விட்டது. ஊரில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த அந்தத் தங்கச்சிக்கு அண்ணன் இவர் ஒருவர்தான். வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்து, ஒரு சிமெண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ள இதவிட லேசாத்தான் இருக்கும் தம்பி" என்பார். மஞ்சள் கவுன் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். அதைத் தினமும் எடுத்துப் பார்த்துப் பார்த்தே கசக்கிவிட்டார்.

அண்ணன் ஊருக்குப் போகும் விமானத்துக்கு ஒருநாள் இருக்கும்போது மேனேஜரைப் பார்க்க ஊரிலிருந்து இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். "வெளிநாட்டுக்கு வந்துட்டு அருவியப் பாக்காமப் போனா ஊர்ல சிரிப்பாக. வாங்க, போயிட்டு அப்பிடியே செல்வராச லுசாகாவுல எறக்கி விட்டுருவோம்" என்றார் மேனேஜர். அப்பிடியேயாம். லுசாகா விமான நிலையம் ஒரு திசை, அருவி நேர் எதிர்த்திசை. விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய பிக்கப் வண்டி வழியில் நின்றுவிட்டால் தட்டி எழுப்பத் தெரிந்தவர் செல்வராசு அண்ணன் ஒருவர்தான். பாஸ்போர்ட்டெல்லாம் மேனேஜர்தான் பூட்டி வைத்திருப்பார். காலையில்தான் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பேசாமல் ஏறுவதைத் தவிர வேறென்ன செய்வது? அண்ணனுக்குத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஆம்பிளைகள் எண்ணெய் தேய்க்கிற நாள். மேனேஜர் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். "சுருளியில குளிக்கிற ஆளுக நாம. அருவியத் தூரத்துல நின்னு பாத்துட்டு வர அதென்ன கல்யாணப் பொண்ணா?" நமக்குத்தான் அருவி என்றால் குளிக்கிற இடம் ஆயிற்றே, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் ஐந்து பேரும் துண்டு கட்டிக்கொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய நின்றோம். நான் அப்போது ஊதினால் பறக்கிற ஆள், என் நெஞ்செலும்பு வெயிலில் மின்னியது. மழைக்கோட்டு மாட்டிய வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விருந்தாளிகளில் ஒருவர் எங்கள் எல்லாரையும் சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தார்.

போய்ப் பார்த்தால், குளிக்க ஏது இடம்? தண்ணீர் எங்கேயோ பாதாளத்தில் விழுகிறது. அங்கே குளிக்க இறங்கினால் துவட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே வராது. சாரல் மட்டும் கீழேயிருந்து மழையாக மேலே வருகிறது. மேனேஜர் விடுவாரா? அந்தச் சாரலிலேயே சீயக்காய் போட ஆரம்பித்தார், எங்களையும் போடச் சொன்னார். காவலாளி விசில் ஊதுகிறார், சீயக்காய் கண்ணில் இறங்குகிறது, ஒருவருக்கும் கண் தெரியவில்லை.

எண்ணெய்ப் பாட்டிலையும் சீடைப் பொட்டலத்தையும் மேனேஜர் யார் பையில் வைத்திருந்தார் தெரியுமா? தன் தோல் பை வீணாகுமென்று பாஸ்போர்ட் இருந்த செல்வராசு அண்ணனின் துணிப்பையில். மூடியைக்கூடச் சரியாகத் திருகவில்லை. கண்ணைக் கழுவ அண்ணன் பையைக் கீழே வைத்தார், ஒரு பபூன் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. சீடையைத் தின்றது. பிறகு எண்ணெயில் ஊறிய பாஸ்போர்ட்டை ருசி பார்த்தது. நாங்கள் கல்லெடுத்தால் அது பல்லைக் காட்டியது. பிடுங்கிப் பார்த்தபோது போட்டோ ஒட்டிய பக்கம் இல்லை.

"சார், இப்பவே லுசாகா போயிருவோம். நாளைக்கு வெள்ளன எம்பசி வாசல்ல போய் நின்னா ஏதாச்சும் பேப்பர் குடுப்பாக" என்றார் செல்வராசு அண்ணன். துண்டோடு நின்று கெஞ்சினார்.

"அட இருப்பா. சாயந்தரம் படகுல போறதுக்குச் சொல்லி வச்சாச்சு. வந்தவுக என்ன நெனைப்பாக? காதுகுத்துதான, அடுத்த வருசம் குத்திக்கிட்டாப் போச்சு."

அடுத்த வருசமாம். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, குலசாமி கோயிலில் கிடா வெட்டச் சொல்லி வைத்திருக்கிறது. இந்த ஆளுக்கு நீர்யானை பார்க்க வேண்டும். பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். கம்பெனிக் கடிதம் இல்லாமல் எம்பசியில் வேலை நடக்காது, கடிதம் எழுத வேண்டியவர் படகில் இருக்கிறார். நானும் அண்ணனும் இருட்டுகிறவரை கரையில் உட்கார்ந்திருந்தோம்.

பேப்பர் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. அதைக்கூடத் தங்கச்சி மன்னித்திருப்பாள். ஆனால் விருந்தாளிகள் ஊருக்குப் போனதும் அந்தப் போட்டோவைக் கடைவீதியெல்லாம் காட்டினார்கள். அது பெரியகுளம் வரை போய்விட்டது. அண்ணன் போன் செய்தபோது அவள் கேட்டது எனக்கே கேட்டது. "எம் புள்ள உக்கார மடியில்லாம நிக்கிறா, நீ துண்டக் கட்டிக்கிட்டுப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற. கொரங்கு மேல பழி போடுறியா?" சித்தப்பா மகன் ஒருவனை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அதன்பிறகு சடங்குக்கும் அவன்தான் தாய்மாமன் சீர் கொண்டுபோனான். செல்வராசு அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகைகூட வரவில்லை. மஞ்சள் கவுன் என்ன ஆனதென்று நான் கேட்டதில்லை.

இந்தச் சித்திரையில் தேனி பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். தங்கச்சியை உரித்து வைத்த முகம். அண்ணனிடம்தான் கேட்டாள்.

"சார், லோயர் கேம்ப் பஸ் இங்கனதான் நிக்குமா?"

அட்டையிலிருந்த பெயரைப் பார்த்தார். "அந்தா நிக்கிது பாருத்தா. பாத்து ஏறு" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பஸ் வெளியே போகும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "என்னண்ணே நீங்க. தாய்மாமன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சா போயிருவீக?" என்று கத்தியே விட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்ன பெறகும், 'அப்பிடியா சார்'னு கேட்டுட்டான்னா?" என்றார் செல்வராசு அண்ணன்.