விசில் இல்லாத பேருந்து

இந்த ஊரில் வந்திறங்கிய அன்றே என் மச்சான் காணாமல் போனார்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். வண்டி மாற வேண்டிய நிலையத்தில் நான் இரண்டு பெட்டிகளோடு முதலில் இறங்கினேன். அவர் மூன்றாவதை இழுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டினார். கூப்பிடுகிறாரா, விடைபெறுகிறாரா என்று புரியுமுன் ரயில் போய்விட்டது. அவருடைய போன் இங்கே வேலை செய்யாது. பாஷையும் தெரியாது. அவருக்காக எழுதிவைத்த எங்கள் முகவரிச் சீட்டும் என் சட்டைப்பையில்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருஷக்கணக்காக இங்கே இருந்தும் ஆபீஸ், வீடு, காய்கறிக் கடை என்று கோடு போட்டு வாழ்கிறவன் நான். அடுத்த ரயிலில் ஏறி, ஒவ்வொரு நிலையத்திலும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி நிலையத்தில் இருந்தார் மச்சான். ரயில் ஓட்டுநரின் ஜன்னலருகே நின்று, இரண்டு கைகளாலும் கதவு சாத்துவதுபோல அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்ட மாப்ளே? இந்தாளு ஒரே பட்டன்ல அம்புட்டுக் கதவையும் சாத்துறாருய்யா!"

மச்சான் என் மனைவியின் அண்ணன். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து சொந்த ஊரில் பேருந்து ஓட்டியவர். இங்கே ஓட்டுநர்கள் கிடைக்கவில்லை என்று ஆள் எடுத்தார்கள். பழைய வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். பாஷையும் சாலை விதியும் கற்றுக்கொடுத்து, கடைசியில் பயணிகளோடு ஒரு சோதனை ஓட்டம் உண்டு. அதில் தேறினால் வேலை, இல்லாவிட்டால் திரும்பும் விமானம்.

முதல் ஓட்டத்தில் தேறவில்லை.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் என் மனைவி.

"ஸ்டாப்ல நிறுத்துனேன். ஏறுனாங்க, எறங்குனாங்க. கதவைச் சாத்துனேன். உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் உக்காந்துதான் இருந்தேன்."

ஊரில் நடத்துனர் பின்னாலிருந்து விசில் ஊதினால்தான் வண்டி நகரும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மச்சானின் கால் தானாக அழுத்தும். இங்கே நடத்துனரே கிடையாது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் அம்மாள், வண்டியில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாராம். அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை. கடைசியில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லி இறக்கிவிட்டார்.

"நான் வேணா பின்சீட்ல வந்து ஊதட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு முழுக்க விமான டிக்கெட்டுகளாகக் கனவு வந்தது.

மறுநாள் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒத்திகை. மச்சான் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். யாரும் சொல்லாமல் அவராகக் கிளம்ப வேண்டும். அவரோ கிளம்பும்போதெல்லாம் திரும்பி, "போலாமா?" என்று கேட்டார். "கேக்கக் கூடாதுண்ணே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகுதான் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. என்னை இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் பேருந்துகளில் ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னாலேயே நின்று, அவர் கண் எங்கே போகிறது என்று உற்றுப் பார்த்தார். கூச்சத்தில் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"கண்ணாடி, மாப்ளே! உள்ள ஒரு கண்ணாடி இருக்கு பாரு. அதுல பாத்துட்டுத்தான் எடுக்குறான். இத்தன வருசத்துல பின்னாடி யாரு இருக்கான்னு நான் பாத்ததே இல்ல. அது கண்டக்டர் டிபார்ட்மெண்டு."

அதன்பின் அவருக்குப் பயணிகள்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. நின்றுகொண்டே தூங்கி, தன் நிறுத்தத்தில் மட்டும் சரியாகக் கண் திறப்பவர். இறங்கும்வரை சண்டை போட்டுவிட்டுக் கைகோத்து நடக்கும் ஜோடி. தன்னை விடப் பெரிய இசைக்கருவிப் பெட்டிக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும் பெண். "அது எதுக்கு மாப்ளே? அவங்க எங்க போறாங்க?" என்று கேட்டுக் குடைந்தார். அவர்களை நான் அதுவரை கவனித்ததே இல்லை. இப்போது நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

இரண்டாவது ஓட்டத்தன்று ஆபீசுக்கு லீவு சொன்னேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். முதல் சில நிறுத்தங்கள் வழுக்கிக்கொண்டு போயின. சந்தைக்கு எதிரே கதவு மூடியது. வண்டி நகரவில்லை. பயிற்சியாளர் அம்மாள் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நகத்தைக் கடித்தேன்.

நடுவில் ஒரு முதியவர் ஒரு கையில் பையும் ஒரு கையில் கம்பியுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் மெல்ல உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். பேருந்து பூப்போலக் கிளம்பியது. அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டு, அதன்பிறகு சாவகாசமாக வெளியே வேடிக்கை பார்த்தார்.

இரவு சாப்பாட்டில் மச்சான் முகமெல்லாம் சிரிப்பு. திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

"எல்லாஞ் சரி. நீ எதுக்குய்யா தொப்பியப் போட்டுக்கிட்டு நகத்தக் கடிச்சிக்கிட்டே வந்த?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர் நிறுத்தவில்லை. எனக்கு முன்சீட்டுப் பெண் யாருக்கோ பின்னிய கையுறை, பயிற்சியாளர் அம்மாள் யாருக்கும் தெரியாமல் மென்ற மிட்டாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"அண்ணே," என்றாள் என் மனைவி, கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி. "அப்ப ரோட்ட யாரு பாத்தா?"