நிரந்தர முகவரி: சாய்ந்தமருதா, கல்முனையா?

நாற்பத்திரண்டு வயதில், உன் வீடு எது என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தவன் நான். அதுவும் கொழும்பில், விசா வரிசையில், பின்னால் முப்பது பேர் காது கொடுத்துக்கொண்டிருக்க.

இது இந்த எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில் நடந்தது. மூத்த மகளுக்குச் சீதன வீடு கட்ட வேண்டும். அதற்கு நான் சவூதி போவதே வழியென்று ஊரே தீர்மானித்திருந்தது. சுபஹுத் தொழுதுவிட்டு ஐந்தே காலுக்குக் கல்முனையில் பஸ் ஏறினேன். இருநூறு மைலுக்கு மேல். டிக்கட் முப்பத்தெட்டு ரூபாய். அம்பாறை வயல்களில் பனி வெள்ளைச் சீலையாகக் கிடந்தது. மகளின் வீட்டுக்கு யன்னல் எத்தனை என்று யோசித்தபடியே உறங்கிவிட்டேன். மகியங்கனையில் விழித்தபோது கனவு வீட்டில் பன்னிரண்டு யன்னல் வைத்திருந்தேன். கொழும்பு சேர மாலை நான்கு மணி.

மறுநாள் காலை, கவுண்டரில் இருந்த தம்பி என் படிவத்தையும் பாஸ்போட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் முறை வைத்துத்தான் கேட்டார்.

"நானா, பாஸ்போட்ல சாய்ந்தமருது. ஃபோம்ல கல்முனை. எது ஒங்கட ஊடு?"

"அது உம்மாட ஊடு. இது பொண்டாட்டிர ஊடு."

"அப்ப ஒங்கட ஊடு?"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் குடியிருப்பான். பெற்ற உம்மாவின் வீடு தங்கைக்குப் போய்விடும். இதைக் கண்ணாடிக்கு அப்பால் எப்படி விளக்குவது? இரண்டு முகவரியும் ஒரே ஆளுடையது என்று கிராம சேவகரின் கடிதம் வியாழனுக்குள் வராவிட்டால் என் இடம் வேறொருவருக்கு என்றார் தம்பி. திரும்பவும் இருநூறு மைல்.

கிராம சேவகர் வீட்டுக்கே வந்து என் மனைவியிடம் விசாரித்தார்.

"ராத்தா, இவர் இஞ்ச நிரந்தரமா இரிக்காரா?"

அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "சோத்துக்கு வாறார். நிரந்தரமெண்டு எப்பிடிச் செல்ற?"

"பகிடி உடாதீங்க ராத்தா. இவர்ர விசாவே இதுலதான் இரிக்கி."

அவள் கையைக் கழுவிச் சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

"ஓம், இருபது வருசமா இஞ்சதான். இவர்ர ஊடுதான் எண்டு எழுதுங்க."

மறுபடி கொழும்புக்குப் போன பஸ்ஸில் நான் யன்னல் எண்ணவில்லை. அவள் சொன்னதையே வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு போனேன். வியாழன் பகல் விசா கிடைத்தது.

போக இருப்பவர்களே, படிவத்தை நிரப்புமுன் எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பி, ஒவ்வொரு விவரத்தையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். பாஸ்போட்டில் பிறந்த வீட்டு முகவரி இருந்தால் கிராம சேவகரின் கடிதத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள். என்னுடைய ஐந்து தாள்களில் இப்போது எதிலும் முரண்பாடில்லை. சவூதிக்காரர் கேட்டது கொத்தனார்; தொழில் என்ற இடத்தில் ஐந்திலும் 'மேசன்' என்றே இருக்கிறது.

நான் தையற்காரன்.