மேல்வீட்டில் பூத்த கீழ்வீட்டுக் கள்ளி

என் கள்ளிச்செடி பூத்தால் பூ ஒரு முழம் நீளம் இருக்கும். அது விரிகிற சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைக்கும். நாய் குரைத்தது பால்காரரைப் பார்த்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். முழத்தையும் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பூவால் ஒரு மனுஷனுக்கு வயிறெரிந்தது நிஜம். அவர் என் சின்ன மாப்பிள்ளை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் கடை. யார் வந்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். ஃபிரேம் நூலளவு சாய்ந்திருந்தாலும் கேட்காமலேயே கழற்றி வாங்கி, திருகை முடுக்கி, துடைத்துக் கொடுப்பார். அந்த அளவெடுக்கிற கண் கடையோடு நின்றிருந்தால் நல்லது. கல்யாணமான புதிதில், மூத்தவளுக்கு நான் கொடுத்த மெத்தை இரண்டு விரல் தடிமன் கூடுதல் என்று கண்டுபிடித்ததும் அதே கண்தான்.

மூத்தவளும் அவள் புருஷனும் அதே கட்டிடத்தில் மாடியில் இருக்கிறார்கள். அவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் அலட்டிக்கொள்ள மாட்டார். என் உருண்டைக் கள்ளி அடியில் இரண்டு குட்டி போட்டபோது, ஒரே மாதிரித் தொட்டிகளில் வைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பெரியவர் அதை மாடிப்படி முடிகிற இடத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். வைத்ததோடு மறந்தும்விட்டார்.

சின்னவர் மறக்கவில்லை. கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். லென்ஸ் துடைக்கிற துணியால் மடிப்பு மடிப்பாகத் தூசி துடைத்தார். ஒருநாள் முள்ளுக்கிடையே சிக்கிய நூலை எடுக்கப்போய், குட்டித் திருப்புளி நழுவிச் செடியின் இடுப்பில் ஒரு கீறல் விழுந்தது. அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டார். குளிர் மாதங்களில் செடியை உள்ளே எடுத்து விளக்கடியில் வைத்துச் சீராட்டினார். அது கொழுகொழுவென்று வளர்ந்தது.

பூத்தது மாடியில்.

இதில் அதிசயமில்லை. பாலைவனத்துச் செடிக்குத் தோலே தண்ணீர்ப்பை. குளிரில் காயப்போட்டால் விசிறி மாதிரி மடிப்புச் சுருங்கி, வெயில் வந்ததும் மொட்டுக் கட்டும். சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கள்ளி எதற்காகப் பூக்க வேண்டும்? இதைச் சின்னவரிடம் சொன்னேன். "அவர் செடிய மட்டும் நல்லதாப் பாத்துக் குடுத்துட்டு இப்போ காரணம் சொல்றீங்களா, அத்தை?" என்றார்.

வருஷாவருஷம் பூக்கிற சமயத்தில் நான் வந்து தங்குவேன். மாடிக்குப் போய்ப் பெரியவரிடம், "உங்க கைராசியே தனி, மாப்பிள்ளை" என்பேன். கீழே ஒரு கண்ணாடி அழுத்தித் துடைக்கப்படுகிற சத்தம் கேட்கும். அந்த வார்த்தையை ஒரு தடவையாவது என் வாயால் தனக்குச் சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் சின்னவருடைய ஏக்கம் முழுவதும்.

போன வருஷம் நான் வருவதற்கு முன்னால், மேல்வீட்டுச் செடியில் பஞ்சு மாதிரி மொட்டு எட்டிப் பார்த்திருக்கிறது. பெரியவர் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து, சின்னவர் அதைக் கீழே கொண்டுவந்துவிட்டுத் தன் தொட்டியை அந்த இடத்தில் வைத்துவிட்டார். அதோடு விட்டாரா? எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் படட்டும் என்று தினமும் கொஞ்சம் திருப்பி வைத்தார். மொட்டு வந்த கள்ளியை இடம் மாற்றினாலே கோபித்துக்கொள்ளும். இவர் தட்டாமாலை சுற்றிவிட்டார். நான் வந்தபோது மொட்டு கருகி உதிர்ந்திருந்தது.

கொழுத்த செடி மாடியில் வெயிலும் குளிரும் தின்று, பட்டினி கிடந்து, இந்த வருஷம் ரோஜா நிறத்தில் ஒரு பூ பூத்தது. பக்கத்தில் இன்னும் சில மொட்டுகள்.

எல்லாரும் மாடியில் நின்றோம். வழக்கம்போல ஆரம்பித்தேன். "உங்க கைராசியே..."

"அது என்னோடது" என்றார் சின்னவர்.

"எது, சகல?" என்றார் பெரியவர்.

"செடி. இடுப்புல கீறல் இருக்கு பாருங்க. என் திருப்புளி பட்டது." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. காது சிவந்துவிட்டது.

பெரியவர் குனிந்து கீறலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். "அப்போ கீழ மொட்டையா நிக்குதே, அது என்னோடதா? சரி, உன்னோடத எடுத்துட்டுப் போ."

என் சின்ன மகள் புருஷனை முறைத்தாள். அவர் தொட்டிமேல் கை வைத்தார். மொட்டுகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"வேணாம்ணா. நகர்த்தினா உதிர்ந்துடும்."

"உங்க கைராசியே தனி, மாப்பிள்ளை" என்றேன் சின்னவரிடம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது தினமும் கடை திறக்குமுன் படியேறி, தன் செடியை மேல்வீட்டில் பார்த்துவிட்டு இறங்குகிறார்.

இதை எழுதி முடித்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை, சின்னவரைத் தவிர.

"பூ முழமெல்லாம் இல்ல, அத்தை. அளந்தேன், ஒரு சாண்" என்றார். பெரியவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "அவர் செடியில பூத்தது எப்பவும் ஒரு விரக்கட கம்மிதான். அதையும் சேத்து எழுதுங்க."